கணுக்காலும் காலமும்

உடற்கலைச் சரித்திரம் – 9

ஒலிம்பிக் பந்தயங்களுக்கு வரிசை எண் இடுவதில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. 1936-ல் பெர்லின் நகரில் நடந்தது 11-வது ஒலிம்பிக். அதற்கு அடுத்தபடியாக 1948-ல் லண்டனில் நடந்தது 14-வது. நடுவே 12-வதும் 13-வதும் எங்கே போயின என்று கேட்டால், அவை நடக்கவே இல்லை என்பதுதான் விடை. 1940-ல் நடந்திருக்க வேண்டியது முதலில் டோக்கியோவுக்கென்று நிச்சயமாகி, ஜப்பான் சீனத்தின்மேல் தொடுத்த யுத்தத்தினால் கைமாறி ஹெல்சிங்கிக்கு வந்து, அங்கும் நடவாமற் போயிற்று. 1944-ஆம் ஆண்டுப் பந்தயம் லண்டனுக்கு என்று எழுதி வைத்ததோடு சரி. நடவாத பந்தயங்களுக்கும் எண் கிடைத்துவிட்டது. அவற்றில் ஆடியிருக்க வேண்டியவர்களுக்குத்தான் எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

அவர்களில் ஒருத்தியின் கதையை இவ்வாரம் சொல்ல உத்தேசம். 1940-ல் அவளுக்குப் பிராயம் 19, 1944-ல் 23. ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் கலையில் ஒரு ஸ்திரீ தன் தேகத்துக்கு முழு எஜமானியாக விளங்கக்கூடிய பருவம் அது. அந்தப் பருவம் முழுவதையும் பறிகொடுத்துவிட்டு, 31-வது வயதில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையும் 35-வது வயதில் கடைசிப் பதக்கத்தையும் பெற்று, ஐந்து தங்கம் உட்படப் பத்துப் பதக்கங்களுக்கு உரியவரான ஹங்கேரி தேசத்து ஆக்னெஸ் கெலெட்டி அம்மையாரே அவர்.

1921-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்தபோது குடும்பப் பெயர் க்ளைன். ஜெர்மானிய ஓசையுள்ள அப்பெயரை விடுத்து, கெலெட்டி என்னும் ஹங்கேரியப் பெயரைப் பின்னாளில் மேற்கொண்டார். நான்கு வயதிலேயே பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்ட அந்தக் குழந்தைக்குச் சங்கீதத்திலும் ஈடுபாடு மிகுதி. செல்லோ என்னும் பெரிய நரம்பு வாத்தியத்தை, பிற்காலத்தில் அதைக் கொண்டு சம்பாதிக்கலாம் என்னும் அளவுக்கு அப்பியாசம் செய்தார். யூதர்களின் கழகமாகிய வி.ஏ.சி.யில் பழகி, 16-வது வயதில் ஹங்கேரியின் தேசியச் சாம்பியன் பட்டத்தை அவர் அடைந்தபோது, 1940-ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்குப் போகத் தக்கவர்கள் யார் என்ற பேச்சில் அவர் பெயர் அடிபடலாயிற்று.

ஆனால் அந்தக் காலத்திலேயே ஹங்கேரியின் சட்டசபையில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. 1938, 1939, 1941 என மூன்று தவணைகளில் யூதர்களுக்கு விரோதமான சட்டங்கள் பிறந்தன. உத்தியோகம் போயிற்று, கலாசாலைக் கதவு சாத்தப்பட்டது, கலப்பு மணம் குற்றமாயிற்று. 1941-ல் ஆக்னெஸும் ஆரிய வம்சத்தவள் அல்லள் என்ற காரணத்தால், அப்போது சேர்ந்திருந்த கழகத்திலிருந்து விலக்கப்பட்டார். யுத்தத்தினால் பந்தயம் நின்றது ஒரு துர்ப்பாக்கியம் என்றால், பயிற்சிக் கூடத்தின் வாசற்படியைக்கூட மிதிக்கலாகாது என்று வந்தது அதனினும் பெரிது. ஓட்டக்காரன் வயல் வரப்பில் ஓடியேனும் காலைப் பழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கலைக்கோ கம்பி வேண்டும், கட்டை வேண்டும், விழுந்தால் தாங்குவதற்கு மெத்தை வேண்டும், பிடித்துக்கொள்ள ஆசிரியர் வேண்டும். இவை இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் தேகம் தான் கற்றதை ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வரும்.

1944-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் தேதி ஜெர்மானியப் படைகள் ஹங்கேரிக்குள் புகுந்தன. மே மாதத்தின் நடுவில் தொடங்கி ஜூலை மாதத்துக்குள், ஏறக்குறைய 4 லட்சத்து 37 ஆயிரம் யூதர்கள் ரயில் வண்டிகளில் அடைக்கப்பட்டு அத்தேசத்தை விட்டுக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். அந்த ஆண்டில், விவாகமான பெண்களைக் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு இழுத்துக்கொண்டு போவதில்லை என்று ஒரு வதந்தி நகரில் உலவியது. அதை நம்பி, பெர்லின் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்காக ஆடியவரான இஷ்ட்வான் ஷார்க்கானி என்னும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரரை ஆக்னெஸ் அவசர அவசரமாக மணந்துகொண்டார். வதந்தியை நம்பி மணம் செய்துகொள்ள வேண்டியிருந்த காலம் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த விவாகம் 1950-ல் முறிந்தது.

பின்பு, கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து, தம் வயதை ஒத்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் அடையாளப் பத்திரங்களை விலைக்கு வாங்கிக்கொண்டு, தான்யூப் நதிக்கரையில் உள்ள சால்க்செண்ட்மார்ட்டோன் என்னும் கிராமத்தில், நாஜிகளிடம் அனுதாபமுள்ள ஒரு குடும்பத்தாரிடமே வீட்டு வேலைக்காரியாக அமர்ந்தார். புலிக்குப் பயந்தவள் புலியின் குகையிலேயே ஒளிந்த கதை அது. நேற்றுவரை தேசத்தின் சாம்பியனாக இருந்தவர், இன்று அடுப்பு மூட்டியும் தரை கழுவியும், வேறொருத்தியின் பெயரைச் சொல்லி அழைத்தால் தடுமாறாமல் திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் சோவியத் படைகள் புடாபெஸ்டை முற்றுகையிட்டன. டிசம்பர் மாதக் கடைசியில் இறுகிய வளையம் 1945 பிப்ரவரி 13-ஆம் தேதிதான் நகரம் வீழ்ந்து அவிழ்ந்தது. அந்த நாட்களில் ஆக்னெஸ் கிராமத்தை விட்டு வந்து நகரத்திலேயே இருந்தார். காலையில் எழுந்ததும் அவருக்கு வாய்த்த வேலை, இரவில் குண்டுக்கும் பசிக்கும் குளிருக்கும் இரையாகித் தெருவில் விறைத்துக் கிடந்தவர்களின் சடலங்களைச் சேகரித்து, எல்லோருக்கும் பொதுவாக வெட்டிய குழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கம்பியைப் பற்றிச் சுழலவும் ஒற்றைக் கட்டையின்மேல் நிமிர்ந்து நிற்கவும் பழகிய கைகளும் முதுகும் 24-வது வயதில் அந்தக் குளிரில் செய்துகொண்டிருந்தது இந்த வேலையை.

நகரம் விடுபட்ட பிறகு கணக்குப் பார்த்தபோது, தந்தையும் உறவினர் பலரும் ஆஷ்விட்ஸில் மாண்டு போயிருந்தனர். தாயாரும் சகோதரியும் பிழைத்திருந்தனர். ஸ்வீடன் தேசத்து ராஜதந்திரியான ராவுல் வாலன்பெர்க் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழங்கிய பாதுகாப்புப் பத்திரங்களும், ஸ்வீடன் கொடியின் கீழ் அவர் அமைத்த வீடுகளும் அவ்விருவரையும் காப்பாற்றியிருந்தன. வாலன்பெர்க்கையே சோவியத் படையினர் பிடித்துக்கொண்டு போனதும், அதன் பின் அவர் திரும்பாததும் வேறொரு சரித்திரம்.

1946-ல் ஆக்னெஸ் மறுபடி தேசியச் சாம்பியன் ஆனார். 1947-ல் மத்திய ஐரோப்பியப் பட்டமும் வந்தது. ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 25 வயதைக் கடந்த ஒருத்தி மீண்டும் முதலிடத்துக்கு வருவது சாமானியமான காரியம் அல்ல. ஆயினும் இதைப்பற்றி விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை, ஏனெனில் இந்த வெற்றிகள் எல்லாம் 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பாதையாகவே அவருக்கு இருந்தன.

லண்டன் பந்தயத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் முதலில் வெம்பிளி மைதானத்தில் திறந்த வெளியில் நடப்பதாக இருந்தது. வானிலை இடம் கொடுக்காமையால், எம்பிரஸ் ஹால் என்னும் மண்டபத்துக்குள் மாற்றினார்கள். பெண்களுக்கு அக்காலத்தில் தனிநபர் போட்டி கிடையாது. குழுப் போட்டி ஒன்றே. ஹங்கேரிக் குழுவில் ஆக்னெஸ் இருந்தார். பந்தயம் நெருங்கிய தறுவாயில், கடைசிப் பயிற்சிகளில் ஒன்றில், அவருடைய கணுக்காலின் நார் கிழிந்தது.

கணுக்கால் என்பது நாம் சாதாரணமாக எண்ணிப் பார்க்கிற ஓர் அவயவம் அல்ல. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் பாதத்தின் எலும்பையும் சேர்த்துக் கட்டி, பாதம் உள்ளே மடங்கிவிடாமல் பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பவை அந்த நார்கள். உயரத்திலிருந்து சுழன்று வந்து தரையில் ஊன்றும் கணத்தில், ஒரு பெண்ணின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அங்கே இறங்குகிறது. பாதம் ஓர் அங்குலம் கோணிப் பதிந்தாலும் நார் தெறிக்கும். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு இத்தனை வாரத்தில் கூடும் என்று வைத்தியர் சொல்லிவிடுவார். நார் விஷயத்தில் அப்படி அல்ல, அதற்கு ரத்த ஓட்டம் சொற்பம், ஆறுவதும் மெல்ல, ஆறிய பிறகும், ஊன்றப் போகும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு சந்தேகம் வந்து நின்றுகொண்டே இருக்கும். இன்று போல வில் வைத்துத் துள்ளும் தளமும் கனமான மெத்தையும் அன்று இல்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, எட்டு ஆண்டு காத்திருந்த பந்தயத்தை ஆக்னெஸ் பார்வையாளராக இருந்து பார்த்தார். அவர் இல்லாமலே ஹங்கேரி இரண்டாவது இடத்தைப் பெற்றது; முதலிடம் செக்கோஸ்லோவாகியாவுக்கு. அந்த வெற்றியும் சந்தோஷமான வெற்றி அன்று. செக் குழுவோடு வந்திருந்த எலிஷ்கா மிசாகோவா என்னும் பெண், லண்டனில் வந்து இறங்கியதும் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளாகி, பந்தய நாட்களிலேயே உயிர் நீத்தாள். அதே குழுவில் ஆடித் தங்கம் பெற்றவர்களுள் அவளுடைய உடன்பிறந்த சகோதரியும் ஒருத்தி. யுத்தம் ஓய்ந்த பின் நடந்த அந்த முதல் பந்தயத்தைச் சமாதானத்தின் திருவிழா என்று வருணிக்கிற புஸ்தகங்கள் உண்டு. இந்த இரண்டு பெண்களுக்கும் அது அப்படி வாய்க்கவில்லை.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். இத்தகைய வாழ்க்கைகளை எழுதப் புகும்போது, துன்பம் அவர்களைப் புடம் போட்டது, புடத்திலிருந்து பொன்னாக வெளிவந்தார்கள் என்று எழுதுவது நம் கைக்குப் பழகிப்போன வாசகம். கெலெட்டி அம்மையார் விஷயத்தில் அதை எழுத என் மனம் ஒப்பவில்லை. தந்தையின் மரணம் மகளின் பதக்கத்துக்கு உரமாயிற்று என்று சொல்வது, சொல்லுகிறவருக்கு ஆறுதலாக இருக்கலாம். உண்மை என்று எப்படிச் சொல்வது? 19 வயதில் ஆடியிருந்தால் எத்தனை பதக்கம், 23 வயதில் எத்தனை, 27 வயதில் கணுக்கால் சரியாக இருந்திருந்தால் எத்தனை என்பதை யார் கணக்கிட முடியும்? யுத்தமும் இனவெறியும் காயமும் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டன. எடுத்தது போக எஞ்சியிருந்ததைக் கொண்டு அவர் செய்ததுதான் பதிவேட்டில் இருக்கிறது.

எஞ்சியிருந்தது கொஞ்சமும் அல்ல. 1952-ல் ஹெல்சிங்கியில், 1940-ஆம் ஆண்டின் பந்தயம் நடந்திருக்க வேண்டிய அதே நகரில், 31 வயதில் அவர் முதன்முதலாக ஒலிம்பிக் அரங்கில் இறங்கினார். அந்த ஆண்டில்தான் பெண்களுக்கு ஒவ்வொரு சாதனத்திலும் தனித்தனிப் பதக்கம் என்ற ஏற்பாடு வந்தது. அந்த ஆண்டில்தான் சோவியத் நாடும் ஒலிம்பிக்குக்குள் முதல் தடவையாக அடி வைத்தது. இந்த இரண்டாவது சங்கதி, ஹங்கேரிக்காரர்கள் தயாராக எதிர்பார்த்திருந்ததைவிடப் பன்மடங்கு கடுமையாக இருந்தது. மரியா கொரொகோவ்ஸ்கயா என்ற சோவியத் வீராங்கனை ஒருவரே ஏழு பதக்கங்களை வாரிக்கொண்டு போனார். அவருக்கும் அப்போது 30 வயது என்பதைக் குறிப்பிட வேண்டும். அக்காலத்துப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் தேகத்தின் வளைவுக்கும் நடையின் ஒயிலுக்கும் இருந்த மதிப்பு, தலைகீழ்ப் பாய்ச்சல்களுக்கு இன்றுபோல் இருந்ததில்லை. ஆகையால் முப்பதைத் தாண்டியவர் ஜெயித்தது இன்றைய கண்ணுக்குத் தோன்றுகிற அளவுக்கு அதிசயம் அல்ல. பன்னிரண்டு ஆண்டு தாமதித்து வந்தவர் ஜெயித்ததே அதிசயம். தரைப் பயிற்சியில் கொரொகோவ்ஸ்கயாவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி கெலெட்டி தங்கம் பெற்றார். சமமற்ற இரட்டைக் கம்பியில் வெண்கலம். அதில் தங்கம், அவருடைய குழுவைச் சேர்ந்த மார்கிட் கொரொந்திக்கு. குழுப் போட்டியில் வெள்ளியும், வளையம், பந்து முதலிய கைக் கருவிகளோடு கூட்டமாக ஆடும் போட்டியில் வெண்கலமும் சேர்ந்து நான்கு பதக்கங்கள். 1954-ல் ரோம் நகரத்து உலகப் போட்டியில் அதே இரட்டைக் கம்பியில் உலகச் சாம்பியன் ஆனார்.

பிறகு வந்தது மெல்போர்ன். 1956 அக்டோபர் 23-ஆம் தேதி புடாபெஸ்டில் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நவம்பர் 4-ஆம் தேதி டாங்கிகள் நகரத்துக்குள் புகுந்து அதை நசுக்கின. ஒலிம்பிக் நவம்பர் 22-ஆம் தேதி ஆரம்பம். வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில், பூகோளத்தின் மறுகோடியில், தங்கள் நகரத்தில் டாங்கியை விட்ட தேசத்தாரோடு ஹங்கேரி வீரர்கள் மோத வேண்டியிருந்தது. டிசம்பர் 6-ஆம் தேதி நீர்ப்பந்தாட்டத்தில் இரு தேசத்தாரும் அடித்துக்கொண்டு, ஒரு ஹங்கேரி வீரர் கண்ணருகே கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்டக் குளத்திலிருந்து வெளியேறியதும், ஹங்கேரி நான்கு கோல் முன்னிலையில் இருந்த ஆட்டம் அதோடு நிறுத்தப்பட்டதும் உலகப் பிரசித்தம். ஜிம்னாஸ்டிக்ஸ் நடந்ததும் அதே வாரத்தில்தான். ஆனால் இது ஒருவரை ஒருவர் தொட்டு ஆடும் ஆட்டம் அல்ல. ஒருவர் முடித்து இறங்கிய பிறகே அடுத்தவர் ஏறவேண்டும். கோபத்தைக் காட்ட இந்தக் கலையில் இடமே கிடையாது. காட்டினால் சமநிலைக் கட்டையிலிருந்து கீழே விழ நேரும்.

அந்தக் கட்டையைச் சற்றுப் பார்ப்போம். நீளம் 5 மீட்டர். அகலம் 10 சென்டிமீட்டர்தான், அதாவது ஒரு பாதத்தை நேராக வைத்தால் இருபுறமும் மிச்சம் அதிகம் இராது. இன்று அதன்மேல் மெத்தென்ற உறை உண்டு. அன்று வெறும் வழவழத்த மரம். வியர்த்த உள்ளங்கால் வழுக்கும்; விழுந்து விலா பட்டால் மூச்சு நிற்கும். இதன்மேல் நடந்து, திரும்பி, குனிந்து, கைகளை ஊன்றிக் கால்களை வானத்துக்குத் தூக்கி, ஒன்றுமே நடவாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். 35 வயதில், ஒருமுறை கிழிந்த கணுக்காலோடு, கெலெட்டி அதில் தங்கம் பெற்றார். இரட்டைக் கம்பியிலும் தங்கம். தரைப் பயிற்சியில், தம்மைவிடக் கிட்டத்தட்ட பதினான்கு வயது இளையவரான சோவியத் வீராங்கனை லாரிசா லாட்டினினாவும் அவரும் 18.733 என்று ஒரே புள்ளியைப் பெற்றுத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். கைக் கருவிகளோடு ஆடும் குழுப் போட்டியிலும் ஹங்கேரிக்கே முதலிடம்.

தாவுகுதிரை ஒன்றில்தான் அவர் பின்தங்கினார். அது போதுமானதாக இருந்தது: எல்லாச் சாதனங்களையும் கூட்டி அளிக்கும் ஒட்டுமொத்தப் பட்டத்தில் லாட்டினினாவுக்கு 74.933, கெலெட்டிக்கு 74.633. மூன்று தசமங்கள்! அதில் கிடைத்த வெள்ளியும் குழு வெள்ளியும் சேர்ந்து அந்த ஒரு பந்தயத்தில் நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. மெல்போர்னுக்கு வந்திருந்த அத்தனை தேசத்து வீரர், வீராங்கனைகளிலும் இவ்வளவு பெற்றவர் வேறு ஒருவரும் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் அத்தனை வயதில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற பெண்ணும் அவர் ஒருவரே.

பந்தயம் முடிந்து, ஹங்கேரிக் கோஷ்டியில் பலர் தாயகம் திரும்ப மறுத்துவிட்டனர். கெலெட்டியும் அவர்களில் ஒருவர். சில மாதங்கள் ஆஸ்திரேலியாவில் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1957-ல் மக்காபியா விளையாட்டு விழாவுக்காக இஸ்ரேல் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். 1959-ல் மறுமணம் செய்துகொண்டார். இரண்டு புதல்வர்கள் பிறந்தனர். ஜிம்னாஸ்டிக்ஸ் என்பது பெயரளவில்கூட வேரூன்றாதிருந்த அத்தேசத்தில், விங்கேட் உடற்கல்வி நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கற்பித்து, தேசியக் குழுவையும் பயிற்றுவித்து, ஆசிரியர்களுக்கே ஆசிரியராக இருந்தார். இஸ்ரேல் அரசாங்கத்தின் உயர்ந்த விருதாகிய இஸ்ரேல் பரிசு 2017-ல் அவருக்கு அளிக்கப்பட்டது. அதற்குள் அவர் புடாபெஸ்டுக்கே திரும்பி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. உயிரோடு இருக்கும் ஒலிம்பிக் சாம்பியன்களில் மிக மூத்தவர் என்று உலகம் முழுவதும் கொண்டாடப்பட்டு, 2025-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி, 104-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

மெல்போர்னில் அவரோடு தரைப் பயிற்சித் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட லாட்டினினா, உக்ரேன் தேசத்துக் கெர்சோன் நகரில் பிறந்து, தகப்பனாரை ஸ்டாலின்கிராட் யுத்தத்தில் இழந்து, நாட்டியம் கற்கப் போய் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தவர். 1958-ல், வயிற்றில் குழந்தையோடு, யாருக்கும் சொல்லாமல் உலகப் போட்டியில் ஆடி ஐந்து தங்கம் பெற்ற அவருடைய வரலாற்றை அடுத்த வாரம் பார்ப்போம்.